யாருக்குப் பழைய பாட்டு?

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் சதாபிஷேகம், அதாவது எண்பதாம் கல்யாணம், அங்கே 2 மணி நேரம் பழைய பாட்டு பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நன்றாக அமைந்தால் ஒரு முதியோர் இல்லத்திலும் மாதம் ஒருமுறை பாட வேண்டியிருக்கும். எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட்டுகளை இப்போதே உட்கார்ந்து படிக்க வேண்டுமா, வாத்தியம் மட்டும் பதிந்த ட்ராக் வைத்துப் பாடினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. "போன தடவை பாதிப் பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள், மூன்று பேர் தூங்கிவிட்டார்கள்" என்கிறீர்கள். வயதானவர்கள் நம் பாட்டைக் கேட்கிறார்களா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது, இல்லையென்றால் கேட்க வைப்பது எப்படி என்பதுதான் உண்மையில் உங்கள் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன், மற்றவை வழியில் வந்துவிடும்.

நான் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் 27 வருடமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன், தேவைப்பட்டால் பாடுபவன். கடந்த 10 வருடமாக எங்களுக்கு வருவதில் பெரும்பாதி அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும்தான். காதைப் பற்றி இங்கே நான் சொல்வதெல்லாம் என் அம்மாவுக்குக் காது மெஷின் பொருத்தியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கச்சேரிகளில் பரீட்சித்துப் பார்த்தவை. நான் டாக்டர் இல்லை.

முதலில் பாகவதர். வயதானவர்கள் என்றால் பாகவதர் என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 'ஹரிதாஸ்' வந்தது 1944-இல். அதை 15 வயதில் கொட்டகையில் பார்த்தவர் 1929-இல் பிறந்திருக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் மாலையோடு உட்காரப் போகிற ஐயா 1940-களின் நடுவில் பிறந்தவர். பாகவதர் 1959-இல் இறந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். அவருக்கு மீசை முளைத்தபோது கேட்டது 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்'. மூன்றும் 1961. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்து, 1965-இல் பிரிந்தார்களே, அந்தக் காலந்தான் அவருடைய காலம். ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் முதுமையில் தெளிவாக நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலில் திரும்பத் திரும்பச் சோதித்து உறுதியான விஷயம். பாட்டுக்கு அது இன்னும் கொஞ்சம் முன்னாலேயே, பதின்வயதில், உச்சம் பிடிக்கிறது.

ஆகவே அழைத்தவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது "என்ன பாட்டு பிடிக்கும்" என்று அல்ல. அப்படிக் கேட்டால் "எல்லாம் பழைய பாட்டுதான்" என்பார்கள். "ஐயாவும் ஆச்சியும் எந்த வருஷம் பிறந்தவர்கள், கல்யாணம் எந்த வருஷம், அப்போது எந்த ஊரில் இருந்தார்கள்" என்று கேளுங்கள். 1935-இல் பிறந்தவருக்கு ஜி. ராமநாதன், ஏ.எம். ராஜா, டி.ஆர். மகாலிங்கம். 1945 என்றால் டி.எம்.எஸ்., சுசீலா, பி.பி. ஸ்ரீநிவாஸ். 1955-இல் பிறந்தவர் 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது 21 வயதுக்காரர். அவரும் இன்று உங்கள் கணக்கில் வயதானவர்தான், அவருக்கு இளையராஜாதான் பழைய பாட்டு. இதைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள், நானே இரண்டு நாள் மறுத்தேன்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அப்பா அம்மா பாடியது, வீட்டு கிராமபோனில் ஓடியது, இவையும் ஒருவர் நினைவில் சேர்ந்துகொள்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் அந்தக் கிராமபோன் இருந்தது. அதனால் எண்பது வயதுக்காரர் கூட்டத்திலும் பாகவதருக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் ஒரே ஓர் இடம். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அது, சுருதி எங்கேயோ இருக்கும். நாலு கட்டை இறக்கிப் பாடினால் ராகம் இருக்கும், பாகவதர் இருக்கமாட்டார். தொண்டை ஒத்துழைத்தால் ஒன்று பாடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் மகாலிங்கத்தின் 'செந்தமிழ் தேன்மொழியாள்' பாடிப் பாருங்கள். 1958-இல் 'மாலையிட்ட மங்கை'க்காகக் கண்ணதாசன் எழுதியது, படத்தைத் தயாரித்தவரும் அவரே.

கண்ணதாசன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மற்ற ஊரில் அவர் கவியரசர். இங்கே அவர் சிறுகூடல்பட்டிப் பிள்ளை. கூட்டத்தில் எப்படியும் இரண்டு பேர் அவருக்கு ஏதோ ஒரு வழியில் உறவு என்பார்கள், மறுக்காதீர்கள். 'அன்னக்கிளி'க்குப் பாட்டு எழுதிய பஞ்சு அருணாசலமும் அதே ஊர், கவியரசரின் அண்ணன் மகன். இன்னொன்று: போர்க்காலத்தில் ஏ.வி. மெய்யப்பன் ஸ்டூடியோவைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து தேவகோட்டை ரஸ்தாவில் படம் எடுத்தார். 1947 தொடக்கத்தில் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்ததுதான். அதில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டை ஒருமுறை 90-ஐ நெருங்கிய ஒருவர் முன்னால் பாடினோம். பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூடியோ வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்ததற்காக வீட்டில் அடி வாங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த பாட்டைத் தொடங்கவே முடியவில்லை.

உங்கள் பேச்சுப் பிரச்சினைக்கு அங்கேதான் விடை. அவர்கள் பேசுவது உங்கள் பாட்டைக் கேட்காததால் இல்லை, கேட்டதால். "இந்தப் படம் எங்கே பார்த்தோம், நடராஜாவிலா?" என்று ஒருவர் பக்கத்து நாற்காலியைத் தட்டினால் உங்கள் வேலை நடக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் கைகட்டி மௌனமாக உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் நான் கவலைப்படுவேன், மரியாதைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். நாம் இளைஞர் கூட்டத்தில் பழகியவர்கள், இடைவெளி விழுந்தால் கை நடுங்கும். இங்கே அந்த ஒரு நிமிடம் அவர்களுடையது. தூங்கினவர்களைப் பற்றி மனதில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட வைத்தார்களா என்று மட்டும் பாருங்கள். காலை 10:30-லிருந்து, அல்லது இடைப்பலகாரம் ஆன பிறகு மாலை 4:30-லிருந்து. 2 மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டாம். 40 நிமிடம், பிறகு காபி, கழிப்பறை, மாத்திரை எல்லாவற்றுக்கும் போதுமான இடைவெளி, பிறகு இன்னொரு 40 நிமிடம்.

இனிக் காது. இதில்தான் பெரும்பாலான குழுக்கள் தோற்கின்றன. தோற்றது தெரியாமலே வீட்டுக்குப் போகின்றன. வயதானால் முதலில் போவது மேல்ஸ்தாயி ஒலிகள். க, ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒலிகள்தான். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. மெட்டு கேட்கும், பாட்டு கேட்காது. அதனால் சவுண்டைக் கூட்டினால் போதும் என்று நினைப்போம், அங்கே இன்னொரு சிக்கல். இந்தக் காதுகளுக்கு மெல்லிய சத்தம் எட்டாது, ஆனால் சத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று வலிக்கும். நமக்குத் தாங்குகிற சத்தம் அவர்களுக்குத் தாங்காது. கம்பன் கழகம் 1939-லிருந்து விழா எடுக்கிற ஊர் இது. சொல்லுக்குச் சொல் நிறுத்தி ரசித்துப் பழகிய காதுகளுக்குச் சொல்லே போய்ச் சேராவிட்டால் அப்புறம் என்ன கச்சேரி?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மிக்ஸரில் 'லோ' குமிழைக் குறையுங்கள், நடுவில் இருக்கும் 'மிட்' குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். எக்கோவை அடியோடு அணையுங்கள். பாடகர்களுக்கு எக்கோ ஒரு போதை, எனக்கும் இருந்தது. ஆனால் செட்டிநாட்டு வீட்டுக்குள் அதை நீங்கள் கொண்டுபோக வேண்டியதே இல்லை, வீடே வைத்திருக்கிறது. கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், வழுவழுப்பான தேக்குத் தூண். சத்தம் எங்கும் உறிஞ்சப்படாமல் சுற்றிச் சுற்றி வந்து சொல்லின் மேல் சொல்லாக விழும். முகப்பு ஹாலில் பாடச் சொன்னால் வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மேலே வானம் திறந்திருக்கிறது, திரும்பி வர வேண்டிய சத்தத்தில் ஒரு பங்கு அந்த வழியாகப் போய்விடும். முடியாதென்றால் தரையில் ஜமுக்காளம் விரிக்கச் சொல்லுங்கள். பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை மூலையில் வைத்து அலறவிடாமல், சின்னப் பெட்டிகள் இரண்டு மூன்றை ஆட்களுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் காது வருகிற உயரத்தில் வையுங்கள். சோதனைக்குப் பாடிப் பார்க்காதீர்கள். கடைசி நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, கூட வந்தவரை மைக்கில் ஒரு சரணத்தைப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பது புரிந்தால் பாடுவதும் புரியும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. இரண்டாவது வரிசையில் ஓர் ஆச்சி. வலது உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாட ஆரம்பித்து மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததும் அந்தக் கை மெல்லக் கீழே இறங்கி மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவர் தூணைத்தான் பார்த்தார். முடிந்ததும் கிட்டே போய், "எப்படி இருந்துச்சு ஆச்சி?" என்றேன். "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுப்பா. வாயை மறைச்சுக்கிட்டியே, என்ன பாடுறேன்னுதான் தெரியலை" என்றார். காது குறைந்தவர்கள் உதட்டைப் படிக்கிறார்கள், தாங்கள் படிப்பது அவர்களுக்கே தெரியாது. அன்றிலிருந்து மைக்கை மோவாய்க்குக் கீழே பிடிக்கிறேன், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பதில்லை, முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். விளக்கை அணைத்துக் கலர் லைட் போடுவது வேறு கூட்டத்துக்கு.

ட்ராக்கா, வாத்தியமா? ட்ராக் போதும், ஆனால் நீங்கள் இறக்கிக்கொண்ட ட்ராக்கில் யாரோ புதிதாக பேஸையும் ட்ரம்மையும் திணித்திருப்பார்கள், அது சொல்லை மூடிவிடும். அதைவிட ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா மேல். அவர்கள் ஒரு வரியில் நின்றால் நீங்களும் நிற்கலாம், ட்ராக் நிற்காது. தாளத்தை மட்டும் இழுக்காதீர்கள். வயதானவர்கள் என்று மெதுவாகப் பாடுவதைப் போல அவர்களுக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை, பாட்டு எந்த வேகத்தில் போனது என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். கூடப் பாட வைக்க நினைக்கிற பாட்டுகளில் ஸ்கேலை இறக்குங்கள். வயதாக ஆகப் பெண்குரல் தணிகிறது, ஆண்குரல் சிலருக்குச் சற்று ஏறுகிறது. சுசீலா பாடிய இடத்தில் 75 வயது ஆச்சியால் நிற்க முடியாது. நாலு அல்லது ஐந்து அரைக்கட்டை இறக்கினால் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் சேரும். ட்ராக்கை மூன்றுக்கு மேல் இறக்கினால் வாத்தியமெல்லாம் பேய் பிடித்த மாதிரி ஒலிக்கும், அதற்கும் ஆர்மோனியமே வழி.

சரணச் சண்டைக்கும் தயாராகப் போங்கள். அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம் சொச்சந்தான். அதனால் சில பாட்டுகளில் படத்தில் இருக்கிற சரணம் தட்டில் இருக்காது. ரேடியோவில், அதுவும் இந்தப் பக்கம் தெளிவாக விழுந்த இலங்கை வானொலியில் கேட்டு மனப்பாடம் செய்தவருக்கு ஒரு பாட்டு, கொட்டகையில் கேட்டவருக்கு வேறு பாட்டு. "ஒண்ணை விட்டுட்டியேப்பா" என்றால் சண்டைக்குப் போகாமல், "நீங்க சொல்லுங்க ஐயா" என்று மைக்கைக் கொடுத்துவிடுங்கள். என் நோட்டில் இருக்கிற சரணங்களில் பல அப்படி வந்தவைதான்.

எதைப் பாடக்கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சதாபிஷேகத்தில் ஐயாவின் சிநேகிதர் 'வீடு வரை உறவு' கேட்டார். நல்ல பாட்டு, கேட்டவரும் பெரியவர், உற்சாகமாகப் பல்லவியை எடுத்துவிட்டேன். நாலாவது வரி வருவதற்குள் வீட்டுப் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிற மனிதர் முன்னால் காடு வரைக்கும் போய்விட்டேன். 1960-களின் நல்ல பாட்டுகளில் பாதி தத்துவப் பாட்டு, அவற்றில் பாதி சாவைத் தொடும். சுபகாரிய வீட்டில் யார் கேட்டாலும் 'அது அப்புறம்' என்று தள்ளிவையுங்கள். பிள்ளையார்பட்டிக்காரருக்கு முதல் பாட்டு, சீர்காழி பாடிய 'விநாயகனே வினை தீர்ப்பவனே' யாரையும் ஏமாற்றியதில்லை. 'வாராய் என் தோழி'க்கு ஆச்சி வெட்கப்படுவார், பேரன் பேத்திகள் கத்துவார்கள், அங்கேயே கச்சேரி ஜெயித்துவிடும்.

முதியோர் இல்லம் வேறு. அங்கே மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். வட்டமாக நாற்காலி போட்டு, 12 பேருக்கு நடுவே உட்கார்ந்து பாடுங்கள். நினைவு தப்பியவர்கள் சிலர் இருப்பார்கள். பேச்சு குழம்பிய பிறகும் பாட்டு மட்டும் மிஞ்சியிருப்பது பலரிடம் உண்மை, நானே பலமுறை பார்த்திருக்கிறேன், ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. பாட்டு அந்த நேரத்துக்கு மனசை லேசாக்குகிறது, படபடப்பைக் குறைக்கிறது என்பதற்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. நோயைக் குணப்படுத்தும், நினைவைத் திருப்பிக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஆதாரம் இல்லை, அந்த வாக்குறுதியை நிர்வாகத்துக்கும் கொடுக்காதீர்கள். பாட்டு எப்போதும் நல்லதே செய்யும் என்பதும் இல்லை. 'மலர்ந்தும் மலராத' எடுத்ததும் ஓர் அம்மா என் முழங்கையைப் பிடித்து, "அது வேண்டாம்ப்பா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, ஆர்மோனியத்தை மூடிவிட்டு வேறு பாட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடுங்கள், காகிதத்தைப் பார்த்துப் பாடாதீர்கள் என்பதற்கு அதுதான் காரணம். 'பாட்டி, எங்கே கை தட்டுங்க பாப்போம்' என்கிற எல்.கே.ஜி. குரல் வேண்டாம். ஐயா, ஆச்சி, அம்மா என்று யாருக்கு எது பழக்கமோ அப்படிக் கூப்பிட்டு, படத்தின் பெயர், வருஷம், நடித்தவர், இவ்வளவு சொன்னால் போதும்.

உரிமைத் தொகை பற்றி யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட் போட்டு நடத்தும் பொது நிகழ்ச்சிக்கு, பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் சார்பில் தொகை வசூலிக்கிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தின் உரிமம் வேண்டும், அதை எடுப்பது பொதுவாக நிகழ்ச்சி நடத்துபவர் பொறுப்பு. பணம் கொடுக்காத பார்வையாளர்களுக்கு முன்னால் அமெச்சூர் சங்கம் பாடுவதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. பாரதி பாட்டு நாட்டுடைமை. கண்ணதாசன் மறைந்தது 1981, பாடல்வரிக்கு ஆயுளுக்குப் பின் 60 வருடம் என்பதால் 2041 முடியும் வரை அவர் வரிகள் உரிமைக்கு உட்பட்டவை. வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது தனிக் கதை, அதற்கு வக்கீலைக் கேளுங்கள்.

சதாபிஷேகத்துக்கு 14 பாட்டு தயார் செய்யுங்கள், 9 பாடுவீர்கள். கடைசிப் பாட்டு எதுவென்று திட்டம் போட வேண்டாம், அதைச் சமையல்காரர் முடிவு செய்வார். இலை போட்டாயிற்று என்று பந்தி விசாரிப்பவர் வளவில் தலையைக் காட்டியதும், சரணம் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நீங்களும் போய் உட்காருங்கள்.